எக்ஸ்பான்ஷன் சேம்பர்: ‘எதிரலைக் குழல்’ என்போமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

டூ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் ஒரு சுழற்சி முடியும் இஞ்சின்) பந்தய வண்டிகளில் வயிறு பெருத்து வால் சிறுத்துத் தொங்கும் புகைக்குழாயை ‘எக்ஸ்பான்ஷன் சேம்பர்’ என்கிறோம். அதற்கு ‘விரிவறை’ போதும் என்று ஆசிரியர் ஐயா எழுதியிருந்தார். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனாலும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. அதன் காரணத்தை என் பட்டறையிலேயே பார்த்துவிட்டேன்.

கோலாலம்பூர் செந்தூலில் சிறிய மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் வண்டிகளின் இஞ்சினுக்கு வலுக்கூட்டுவதுதான் தொழில். தமிழ்ப்பள்ளியில் படித்த தம்பி ஒருவன் வேலை பழக வந்தான். 125 சிசி வண்டி ஒன்றின் குழாயைக் காட்டி, ‘இதுதான் விரிவறை’ என்று சொல்லிக்கொடுத்தேன். கெட்டிக்காரப் பையன், பெயரை அப்படியே நம்பினான். விரிவறை என்றால் புகை விரிய இடம் வேண்டும், பின்பக்கம் குறுகுகிற கூம்பு அதற்குத் தடை என்று முடிவு செய்துவிட்டான். நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அந்தக் கூம்பை அறுத்தெடுத்து, அகலக் குழாய் ஒன்றைப் பற்றவைத்துவிட்டான். பற்றவைப்பு அவ்வளவு சீராக இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டிதான் இழுக்கவில்லை. எந்தச் சுற்று வேகத்தில் சீறிப் பாய வேண்டுமோ அங்கே செத்துப் போனது. குழாயின் முனையில் எரியாத பெட்ரோலும் எண்ணெயும் கலந்து சொட்டின. அவன் முகம் வாடிப் போனதைப் பார்த்தபோது, பிழை அவனுடையது அல்ல, நான் சொல்லிக்கொடுத்த சொல்லுடையது என்று எனக்குத் தோன்றியது.

அந்தக் குழாய் செய்யும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் சிலிண்டர் சுவரில் உள்ள புகைத்துளை திறக்கிறது. அழுத்தத்தோடு வெளியேறும் புகை ஓர் அலையைக் குழாய்க்குள் அனுப்புகிறது. விரியும் கூம்பில் அந்த அலை பட்டதும் அதன் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. அது சிலிண்டரில் மிஞ்சிய புகையை இழுக்கிறது. பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறையிலிருந்து பெட்ரோலும் காற்றும் சேர்ந்த புதிய கலவை மேலே ஏறவும் உதவுகிறது. அந்த இழுப்பில் புதிய கலவையிலும் கொஞ்சம் குழாய்க்குள் நழுவிவிடும். இதற்குள் மிச்ச அலை குறுகும் கூம்பில் மோதி, இம்முறை அழுத்தும் அலையாகத் திரும்புகிறது. நழுவிய கலவையைத் துளை மூடுவதற்குச் சற்று முன் மறுபடியும் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. வால்வே இல்லாத இஞ்சினுக்கு இந்த அலைதான் கதவு. தம்பி அறுத்தெடுத்தது அந்தக் கதவைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றின் 360 பாகையில் புகைத்துளை 190 பாகை திறந்திருக்கும் இஞ்சின், நிமிடத்துக்கு 11,000 சுற்று. அப்படியானால் துளை திறந்திருக்கும் நேரம் ஏறத்தாழ 2.9 மில்லிவினாடி. சூடான புகையில் அலை வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடுகிறது என்று கொண்டால், அந்த நேரத்தில் 144 சென்டிமீட்டர் ஓடும். போகவும் வரவும் சேர்த்து அவ்வளவு. ஆகவே துளையிலிருந்து குறுகும் கூம்பு வரை 72 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இது தொடக்கக் கணக்கு மட்டுமே, பிறகு தடத்தில் ஓட்டிப் பார்த்து வெட்டியும் ஒட்டியும் திருத்துவோம். சுற்று குறைந்தால் அலை முன்கூட்டியே வந்துவிடும், பயன் இல்லை. துளையின் மேல் விளிம்பை அரத்தால் அரை மில்லிமீட்டர் உயர்த்தினாலும் பாகை கூடும், நீளக் கணக்கும் மாறும். இவ்வளவு கணக்கில் ‘அறை’ எங்கே வருகிறது? நீளமும் நேரமும்தான் வருகின்றன.

இதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்து வெற்றி கண்டவர் கிழக்கு ஜெர்மனியின் வால்டர் காடன். ட்ஷோப்பாவ் நகரில் எம்.இசட். மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் பந்தயப் பிரிவில் வேலை செய்தவர். குழாய்க்குள் அலைகள் எப்படி ஓடுகின்றன என்பதை அதிர்வைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப் கருவியில் பார்த்துப் பார்த்து வடிவத்தைச் செதுக்கினார். பணமோ நல்ல உலோகமோ கைக்கு எளிதில் கிடைக்காத நாட்டில் இருந்துகொண்டு, 1961இல் 125 சிசி இஞ்சினில் 25 குதிரைத்திறன் எடுத்தார். இஞ்சின் கொள்ளளவில் லிட்டருக்கு 200! அதே ஆண்டு ஸ்வீடன் பந்தயத்தின்போது அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குப் பக்கம் தப்பிச் சென்று, காடனின் நுட்பத்தோடு ஜப்பானின் சுசுகியில் சேர்ந்தார். 1962இல் சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம் கிடைத்தது. நம் ஊர்த் தெருக்களில் ஓடிய ஜப்பானிய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காடன் நினைவுதான் வரும். பெயருக்கு வருகிறேன். ஜெர்மானியர் இதை ‘ரெசொனான்ஸ்’ என்ற சொல்லை முன்வைத்தே அழைக்கிறார்கள். அதாவது ஒத்ததிர்வுப் புகைபோக்கி. ஆங்கிலத்தில் தோற்றத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாம் அந்தப் பெயரை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

‘ஒத்ததிர்வுப் புகைபோக்கி’ பொருளில் மிகச் சரி. ஆனால் பட்டறையில் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட முடியாது. புகைபோக்கி என்றதும் அடுப்படிதான் கண்ணுக்கு வருகிறது. வாடிக்கையாளர்கள் ‘எக்சோஸ்’ என்ற மலாய் வழக்கைச் சொல்கிறார்கள். அது எல்லா வண்டியின் குழாய்க்கும் பொது.

சென்ற வாரம் நான் ‘மீளலைக் குழல்’ என்று முன்மொழிந்தேன். பினாங்கு அக்கா ஒருவர் உடனே பிடித்துவிட்டார்: பேச்சில் ‘மீளலை’ என்றால் ‘மீளவில்லை’ என்றுதான் காதில் விழும். மீள்வதற்கென்றே செய்த பொருளுக்கு அப்படி ஒரு பெயரா? அவர் சொன்னது முழுக்கச் சரி, அதைக் கைவிடுகிறேன்.

அதனால் இப்போது ‘எதிரலைக் குழல்’. எதிரொலி என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். ஒலி மோதித் திரும்பினால் எதிரொலி, அலை மோதித் திரும்பினால் எதிரலை. முதல் கூம்பிலிருந்து வருவதை இழுப்பலை என்றும், இரண்டாவதிலிருந்து வருவதை அழுத்த அலை என்றும் பிரித்துச் சொல்லலாம். குழாய் என்னாமல் குழல் என்றதற்கும் காரணம் உண்டு. குழாய் எதையாவது கொண்டுபோய்ச் சேர்க்கும். நீளத்தையும் துளையையும் பொறுத்து வேலை மாறுவது குழல். புல்லாங்குழலைத் தெரிந்த பையனுக்கு இதைப் பாதி சொன்னாலே போதும்.

உறுப்புகளுக்கும் பெயர் தருகிறேன். சிலிண்டரோடு சேர்வது கழுத்து. அடுத்து விரிகூம்பு, வயிறு, குவிகூம்பு, கடைசியில் வால். வாலின் துளை மிகச் சிறுத்தால் சூடேறி பிஸ்டன் பழுதாகும், மிக அகன்றால் வலு போய்விடும். ஆகவே ‘வால்தானே’ என்று விட்டுவிடக் கூடாது.

தம்பி இப்போது புதுக் குவிகூம்புக்கு ஒரு மில்லிமீட்டர் தகட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறான். ஒவ்வொரு துண்டிலும் பெயரைச் சுண்ணக்கட்டியால் எழுதச் சொல்லியிருக்கிறேன். கழுத்து என்பதா தலைக்குழல் என்பதா என்று எனக்கே இன்னும் தடுமாற்றம். ஆசிரியர் ஐயாவும் அக்காவும் ஞாயிறுக்குள் எழுதினால் நல்லது; திங்கட்கிழமை காலையில் வெட்டப் போகிறோம்.