செல்லில் சேர்ந்த குப்பையைக் கழித்தபின் கிடைத்த சாயங்காலம்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பாமணிக்கரை:

போன குறுவை அறுவடையில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருந்தோம். யார் முறை எப்போது என்பதை ஊர் வாட்ஸ்அப் குழுவில்தான் போடுவார்கள். அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு, "விடிஞ்சதும் உங்க குவியல்தான், ஆளோட வந்துடுங்க" என்று ஒருவர் போட்டிருக்கிறார். அதன்மேல் இரவு வணக்கம், காலை வணக்கம், பூப்படம், பிறந்தநாள் வாழ்த்து, ஏற்கெனவே நாலு தடவை வந்த வீடியோ என்று 180 செய்திகள் வந்து விழுந்து அதை மூடிவிட்டன. காலையிலிருந்து செல் என் கையில்தான் இருந்தது, ஆனால் அந்தச் செய்தியை நான் பார்த்தபோது மணி பதினொன்று, எங்கள் முறை போய்விட்டது. மத்தியானம் பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. தார்ப்பாய் போட்டும் அடியில் தண்ணீர் இறங்கி, 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய ஈரப்பதம் ஏறிவிட்டது. மறுபடி காயவைத்து, ஆளுக்குக் கூலி கொடுத்து, எடை போட்டு முடிக்க ஒன்பது நாள். அப்பா திட்டவில்லை. நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே, "நாள் பூரா அதத்தானே தம்பி கையில வெச்சிருக்க" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து எண்ணினேன். 43 குழுக்கள். அதில் நான் ஒரு தடவையாவது எழுதியிருந்தது ஆறில். மீதி எல்லாம் உரக்கடை, மனை விற்பவர், எப்போதோ முடிந்த கல்யாணத்துக்குப் படம் அனுப்பத் தொடங்கிய குழு, இப்படி. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் திரையைப் பார்க்கிறோம், எத்தனை தடவை திறக்கிறோம் என்று செட்டிங்ஸிலேயே காட்டும், பாருங்கள். எனக்கு மூன்றே முக்கால் மணி நேரம் காட்டியது. அதில் பாதி வேலைக்கு என்று வைத்துக்கொண்டாலும் மீதிப் பாதி எங்கே போயிற்று என்று என்னால் சொல்ல முடியவில்லை.

30 குழுக்களிலிருந்து வெளியேறினேன். யார் வேண்டுமானாலும் என்னைக் குழுவில் சேர்க்கலாம் என்று இருந்ததை, தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் என்று மாற்றினேன். படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்தினேன். அப்புறம் ஊரில் நாலு பேரிடம் பேசி, நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடிய தனிக் குழு ஒன்று தொடங்கினோம். கொள்முதல், முறைத்தண்ணீர், கரண்ட் நிறுத்தம், இந்த மூன்று மட்டும்தான் அதில் வரும். சில நாள் ஒரு செய்திகூட வராது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே அதுதான்.

சொந்தக்காரர்கள் குழுதான் கஷ்டமாக இருந்தது. வெளியேறினால் நிர்வாகிக்கு மட்டும்தான் தெரியவரும், ஆனால் நிர்வாகியே சித்தப்பா. "என்னடா, எங்களையெல்லாம் வேணாம்னுட்டியா" என்று போன் செய்தார், குரலே சரியில்லை. மறுநாள் நீடாமங்கலம் போய் அவர் வீட்டில் காபி குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். நாலு வருடமாக அந்தக் குழுவில் நாங்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டது கட்டைவிரல் படம்தான்.

இப்போது சாயங்காலம் செல்லை வீட்டில் வைத்துவிட்டு அப்பாவோடு நடக்கிறேன். எந்த மதகு எப்போது கட்டியது, எந்த வாய்க்காலில் யாருக்கும் யாருக்கும் தகராறு வந்தது என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒருநாள் நீடாமங்கலம் பக்கத்தில் இருக்கும் மூணாறு தலைப்பு அணைக்கே கூட்டிப்போனார், வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிவது அங்கேதான். எனக்கு 41 வயது. எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் வழியை முழுசாகப் பார்த்தது இந்த வருடம்தான்.

ஐயாற்றுத் தையல்:

அண்ணா, நெல் நனைந்ததைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. எனக்குக் குழுக்களைவிடக் கடன் தருகிறோம் என்று வரும் அழைப்புகள்தான் தொல்லை. தையல் மிஷினில் கால் வைத்தால் போன் அடிக்கும், அளவு தப்பிப்போகும். 1909 எண்ணுக்கு ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று எழுதி, இடம் விட்டு 0 போட்டு அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். அடியோடு நிற்கவில்லை, ஆனால் நிறையக் குறைந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருடா வருடம் தியாகராஜர் ஆராதனையைப் பந்தலில் நின்று வீடியோ எடுப்பேன். செல் நிரம்பிவிட்டது என்று அழிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ஐந்து வருட வீடியோவில் ஒன்றைக்கூட நான் திரும்பப் பார்த்ததில்லை. இந்தத் தடவை கையை வீசிக்கொண்டு போனேன். எல்லாரும் சேர்ந்து நாட்டை ராகத்தில் பாட்டை எடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, இத்தனை வருடமும் அந்த நேரத்தில் நான் திரையில் தெரிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வேதாரண்யத்தான்:

தம்பி, நீங்கள் செய்தது சரி. ஒன்று மட்டும், எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியது எங்கள் பக்கம்தான். அப்புறம் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை, பேட்டரி ரேடியோவைச் சுற்றி ஒரு தெருவே உட்கார்ந்திருந்தோம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வருகிற வழி ஒன்றைச் சத்தத்தோடு திறந்தே வையுங்கள். அந்த மூன்று செய்திக் குழுவில் நாலாவதாகப் புயலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.