மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி மட்டும் போதுமா?

சித்தேரி அடிவாரத்தான்:
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லிதான் மருந்து. வரப்போரத்தில் செடியைப் பிடுங்கியதும் என் பாட்டி அதைத் திருப்பிப் பார்ப்பார். இலைகளுக்கு அடியில் கடுகளவுக் காய்கள் வரிசையாகத் தொங்கினால்தான் கூடையில் போடுவார், இல்லாவிட்டால் எறிந்துவிடுவார். வேரோடு அலசி அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கரைத்து, விடியற்காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பார். எண்ணெயும் புளியும் அறவே கூடாது. இப்படிக் குணமானவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்க, சென்ற வாரம் இங்கே ஒருவர் "கீழாநெல்லியை நம்பிக் காலம் கடத்தாதீர்கள்" என்று எழுதியது என் மனத்தைப் புண்படுத்தியது.

பாலக்கோடு வாசகி:
அதை எழுதியவள் நான்தான், ஐயா. உங்கள் பாட்டியின் கைப்பக்குவத்தை நான் குறை கூறவில்லை. என் பெரியப்பாவுக்குக் கண் மஞ்சளானபோது நாங்களும் இதே மருந்தைத்தான் 4 வாரம் கொடுத்தோம். உடம்பெல்லாம் அரிப்பெடுத்து இரவில் தூங்காமல் சொறிந்துகொண்டே கிடந்தார். மலம் வெள்ளைக் களிமண் போல வெளுத்துப் போயிற்று. பத்தியத்தால் அப்படி ஆகிறது என்று பக்கத்து வீட்டார் சொன்னதை நாங்களும் நம்பினோம். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது பித்தநாளத்தைக் கல் அடைத்திருப்பது தெரிந்தது. காமாலை என்பது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி இரத்தத்தில் மிகுந்துவிட்டது என்பதன் அடையாளம். அதற்கு வைரஸ், கல், எலிக்காய்ச்சல், மது என்று காரணங்கள் பல. அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும் என்பதால், அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் குணமான பெருமை அதற்கே போய்ச் சேர்கிறது.

சித்தேரி அடிவாரத்தான்:
பெரியப்பா பட்ட வேதனைக்கு வருந்துகிறேன், அம்மா. ஆனால் எல்லாம் தானாகத் தணிந்தவை என்று ஒதுக்குவது நியாயமா? 1988இல் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லியை ஹெபடைடிஸ் பி கிருமி தாங்கியவர்களுக்கு 30 நாள் கொடுத்துப் பார்த்து, 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அக்கிருமியின் அடையாளம் மறைந்ததாக லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பச்சிலையிலிருந்து ஆங்கில மருந்து பிறந்ததும் உண்டு: நம் ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்னும் வேதிப்பொருளை முன்மாதிரியாகக் கொண்டுதான் புரோம்ஹெக்சின் என்னும் சளி மருந்தே உருவானது.

பாலக்கோடு வாசகி:
அந்த ஆய்வில் இருந்தவர்கள் கிருமி தாங்கிகள். கண் மஞ்சளாகி வந்த நோயாளிகள் அல்லர். பிற்காலத்தில் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவும் இல்லை. சளிக்கு ஆடாதோடைக் கஷாயமும் அசீரணத்திற்குச் சுக்கும் ஓமமும் எங்கள் அடுப்பங்கரையிலும் உண்டு. ஆனால் பித்தநாளத்தில் அடைத்த கல்லைக் கஷாயத்தால் கரைக்க முடியாது.

கிருஷ்ணகிரி சித்த மருத்துவர்:
இருவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நோயாளியைப் பார்க்காமல் பச்சிலை கொடுப்பது சித்த மருத்துவமே அன்று. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகிய எட்டையும் தேர்ந்த பிறகே மருந்து என்பது எங்கள் முறை. மூத்திரத்தில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு அது பரவும் விதத்தைப் பார்க்கும் நெய்க்குறி வரை முன்னோர் வகுத்து வைத்திருக்கிறார்கள். வாசகி சொன்ன வெளுத்த மலம் எந்தச் சித்த மருத்துவருக்கும் எச்சரிக்கையாகப் பட்டிருக்கும். நான் கீழாநெல்லி கொடுப்பவன்தான். ஆனால் பிலிருபின் அளவையும் ஸ்கேனையும் பார்த்த பிறகே கொடுக்கிறேன். இன்னொன்று, கடையில் வாங்கும் பொடியில் அதே இனத்துப் பிற செடிகளும் கலந்துவிடுவதுண்டு. பொடியைத் திருப்பிப் பார்த்துக் காயைக் கண்டுபிடிக்க முடியாது.

சித்தேரி அடிவாரத்தான்:
மருத்துவர் ஐயா சொல்வதை ஏற்கிறேன். மலம் வெளுத்தாலோ, அரிப்போ காய்ச்சலோ இருந்தாலோ, பேச்சுத் தடுமாறினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்று எங்கள் தெருவில் சொல்லிவிடுகிறேன். ஆனால் மலைமேல் இருப்பவர் ஒரு இரத்தப் பரிசோதனைக்காக அரூருக்கு இறங்கினால் அன்றைய கூலி போய்விடும். முடிவை வாங்க மறுபடி வரச் சொன்னால் இன்னொரு நாள் கூலியும் போகும். செடியோ வாசலிலேயே முளைத்திருக்கிறது. அந்தப் பரிசோதனையை மலைக்கே கொண்டுவரும் வரையில், அவர்கள் முதலில் வாசலுக்குத்தான் போவார்கள், அம்மா.