புதுப்பிப்பு: ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டால் பதில் வருமா?

குரல் கேட்பது, சந்தேகம் போன்ற மனப்பிறழ்வு அனுபவம் உள்ளவர்களிடம் நாள் முழுக்க ஃபோனில் "இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கும் ஆய்வுகள் பற்றி முன்பு எழுதியிருந்தேன். பலர் "பதிலே வராது" என்றீர்கள்.

வருகிறது. கடுமையான மனநோய் பற்றிய இவ்வகை ஆய்வுகளை 2019இல் திரட்டிப் பார்த்தபோது, கேட்ட தடவைகளில் நாலில் மூன்று பங்குக்கும் மேல் பதில் வந்திருந்தது. மனப்பிறழ்வு உள்ளவர்கள் அதிகமாக இருந்த ஆய்வுகளில் குறைவுதான். ஆனால் தடவைகளைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டி, நல்ல கொடுப்பனவும் தந்த ஆய்வுகளில் பதில் கூடுதல்.

எனக்கு உறுத்துவது வேறு. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பதில் தந்தவர்களைக் கணக்கிலிருந்து நீக்குவது பழைய வழக்கம். மிகவும் கஷ்டப்பட்டவர்கள் அவர்களாகவே இருக்கலாமே! அல்லது, நம்ம கொழும்பு காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நெரிசலில் தொங்கிக்கொண்டு வந்திருக்கலாம். பதினைந்து நிமிடத்துக்குள் பதில் போட வேண்டும் என்றால் எப்படி? அந்த மௌனத்தை நோயின் அறிகுறி என்று எழுதிவிடக் கூடாது.

இப்படியான ஆய்வில் தன் தம்பியைச் சேர்க்கலாமா என்று கேட்ட வெள்ளவத்தை அக்கா, தாராளமாகச் சேர்க்கலாம், அவர் விரும்பினால். கேள்விகள் தமிழில் இருக்கின்றனவா, டேட்டா செலவு யாருடையது, இடையில் யாராவது கோல் எடுத்து விசாரிப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.