ஹைகோர்ட் ஜட்ஜுக்கு 62, சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுக்கு 65: இது என்ன நியாயம்?

கோர்ட்வாசல்:
நேத்து ஒரு குரூப்ல ஒருத்தர் எழுதியிருக்காரு, "ஹைகோர்ட் ஜட்ஜுக்கு மாசம் ரெண்டே கால் லட்சம் சம்பளம், பங்களா, கார், சாகுற வரைக்கும் பென்ஷன், இதுல ரிட்டயர்மெண்ட் வயசையும் ஏத்தணுமாம், பேராசைக்கு அளவே இல்ல"ன்னு. படிச்சதுல இருந்து எரிச்சல் அடங்கல. சம்பளத்த விடுங்கய்யா. ஹைகோர்ட் ஜட்ஜ் 62ல வீட்டுக்குப் போகணும், சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் 65 வரைக்கும் உக்காரலாம். நடுவுல அந்த மூணு வருஷம் எதுக்கு? சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனா கிடைக்கிற அந்த மூணு வருஷம்தான் ஒவ்வொருத்தரையும் டெல்லிப் பக்கம் பாக்க வைக்குது. ரெண்டையும் ஒண்ணாக்குங்க, பாதி பிரச்சனை தீரும்.

பென்ஷன்போராளி:
வந்துட்டாரு வக்கீல் சார். 2003 ஏப்ரலுக்கு அப்புறம் வேலைக்குச் சேந்த பாவத்துக்கு அரசு ஊழியர் எங்களுக்கு சிபிஎஸ், அதாவது பங்களிப்பு பென்ஷன்னு மாசாமாசம் பத்து பர்சண்ட் புடிச்சாங்க. ஆனா 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சு? எல்லா ஹைகோர்ட் ஜட்ஜுக்கும் வருஷத்துக்கு 13.5 லட்சம், சீஃப் ஜஸ்டிசா இருந்தவங்களுக்கு 15 லட்சம், ஃபுல் பென்ஷன், கீழ் கோர்ட்ல புது பென்ஷன் திட்டத்துல இருந்து மேல போனவங்களுக்கும் அதேதான். அவங்க பென்ஷன் கேஸ அவங்களே விசாரிச்சு முடிச்சுக்கிட்டாங்க. எங்க கேஸு எத்தன வாய்தா?

கோர்ட்வாசல்:
பென்ஷன் பத்தி நான் பேசவே இல்ல. கேள்வி 62. ஆரம்பத்துல 60ஆ இருந்துச்சு, 1963ல பதினஞ்சாவது திருத்தம் வந்து 62 ஆச்சு, அதோட நின்னு போச்சு. 2002ல அரசியலமைப்ப மறுஆய்வு பண்ண வெங்கடாசலய்யா கமிஷன் 65ன்னு சொல்லுச்சு. 2010ல மசோதாவே கொண்டு வந்தாங்க, 2014ல மக்களவை கலைஞ்சதும் அதுவும் செத்துப் போச்சு. யாருக்கு லாபம்னு யோசிங்க.

சேலத்துக்காரன்:
அந்த கமிஷன் ஹைகோர்ட்டுக்கு 65, சுப்ரீம் கோர்ட்டுக்கு 68ன்னு சொல்லுச்சு சார். ரெண்டாவது பாதிய ஏன் முழுங்கிட்டீங்க? அங்கயும் அதே மூணு வருஷ வித்தியாசம் இருக்கே. நீங்க காட்டுற ஆதாரமே உங்களுக்கு எதிரா நிக்குது.

கோர்ட்வாசல்:
68 பத்தி யாரு கேட்டா? 62ஐ ஏத்தணும்னு கமிஷன் சொல்லுச்சா இல்லையா? அதுக்கு பதில் சொல்லுங்க. சுப்ரீம் கோர்ட்ல 2019ல ஏத்துனதுக்கு அப்புறமும் 34 சீட்டுதான். ஹைகோர்ட்டெல்லாம் சேத்து 1,122 சீட். ஆயிரத்துச் சொச்சம் பேரு 34 நாற்காலியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா அது சர்வீஸ் கண்டிஷனா, தூண்டிலா?

சேலத்துக்காரன்:
தூண்டில்னா புடிக்கிறவன் யாரு? பேரு அனுப்புறது கொலிஜியம், அதாவது சுப்ரீம் கோர்ட் சீனியர் ஜட்ஜுங்களேதான்.

கோர்ட்வாசல்:
பேரு அனுப்புனா போதுமா? ஃபைலு தூங்குறது சென்ட்ரல் கவர்மெண்ட் மேசைலதானே? மாசக்கணக்கா தூங்குற ஃபைலு உங்க கண்ணுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். 62 நெருங்குறவங்களுக்கு ஒவ்வொரு வாரமும் கணக்குதான். அந்த மூணு வருஷம் சும்மா இல்ல.

முன்சீப்மகள்:
62, 65ன்னு அடிச்சுக்கிறீங்க, 60ல போற கீழ் கோர்ட் ஜட்ஜுங்க உங்க கண்ணுக்குத் தெரியலையா? எங்கப்பா மாஜிஸ்ட்ரேட்டா இருந்தாரு. ராத்திரி பதினோரு மணிக்கு வாசல்ல ஜீப் வந்து நிக்கும், ரிமாண்டு. கைதான 24 மணி நேரத்துக்குள்ள ஆஜர் பண்ணியாகணும்ல. சாப்பிட்ட கைய கழுவிட்டு சட்டைய மாட்டிட்டு வராண்டாவுக்கு வருவாரு. போலீச கேட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கச் சொல்லிட்டு அந்த ஆள்கிட்ட "அடிச்சாங்களா, வீட்டுக்குத் தகவல் சொன்னாங்களா"ன்னு கேப்பாரு, சட்டையத் தூக்கி முதுகக் காட்டச் சொல்லுவாரு. தீபாவளி அன்னைக்கும் வருவாங்க. இதுக்கு ஓவர்டைம் எந்த ஷெட்யூல்ல இருக்கு? முன்சீப்புக்கு, அதாவது கீழ் கோர்ட்ல முதல் படில இருக்கிற சிவில் ஜட்ஜுக்கு, தொடக்கச் சம்பளம் 77,840ன்னு ரெண்டாவது நீதித்துறை ஊதிய கமிஷன் சொன்னத கொடுக்க வைக்கிறதுக்கு பல மாநில தலைமைச் செயலாளர்கள நேர்ல வரச் சொல்ல வேண்டியிருந்துச்சு. இங்க யாருக்காவது இதெல்லாம் தெரியுமா?

பென்ஷன்போராளி:
அம்மா, போலீஸ்காரன், நர்ஸு, மின்வாரியத்துக்காரன் எல்லாரும்தான் தீபாவளிக்கு வேலை பாக்குறான். அவனுக்கு குவார்ட்டர்ஸும் டவாலியும் இருக்கா?

முன்சீப்மகள்:
எங்க குவார்ட்டர்ஸ்ல மழை பேஞ்சா கேஸ் கட்டை கட்டிலு மேல தூக்கி வைப்போம். தெரியாம பேசாதீங்க.

யாழ்தம்பி:
எங்கட இலங்கையில அப்பீல் கோர்ட் நீதிபதிக்கு 63, சுப்ரீம் கோர்ட்டுக்கு 65. அங்கயும் வித்தியாசம் இருக்குத்தானே, அதுக்காக எல்லாரும் மேல பாத்துக்கொண்டா இருக்கினம்? ஆளைப் பொறுத்தது அண்ணை.

கோர்ட்வாசல்:
தம்பி, உங்க ஊர்ல ரெண்டு வருஷம். இங்க மூணு. நான் சொல்றது அந்த மூணு.

சேலத்துக்காரன்:
சரி, நேரடியா கேக்குறேன். சதாசிவம் சுப்ரீம் கோர்ட் சீஃப் ஜஸ்டிசா இருந்து 2014 ஏப்ரல்ல 65ல ரிட்டயர் ஆனாரு, அதே வருஷம் செப்டம்பர்ல கேரளா கவர்னர். அதே நாற்காலில இருந்த கோகோய் 2019 நவம்பர்ல ரிட்டயர், 2020 மார்ச்ல ராஜ்யசபா. அதுக்கு முன்னாடியே சுப்ரீம் கோர்ட் ஜட்ஜா இருந்த பாத்திமா பீவி நம்ம ஊருக்கே கவர்னரா வந்தவங்கதான். இவங்க எல்லாம் 65 முழுசா பாத்தவங்க. அப்ப ஆசைக்கும் உங்க மூணு வருஷத்துக்கும் என்ன சம்பந்தம்? ரிட்டயர் ஆனப்புறம் அரசு பதவி கூடாதுன்னு 1958லயே சட்ட கமிஷன் பதினாலாவது ரிப்போர்ட்ல சொல்லிடுச்சு. அத போடுங்க முதல்ல.

கோர்ட்வாசல்:
அது வேற, இது வேற. கவர்னர் பதவி சர்வீஸ் கண்டிஷன்ல வராது. 62 வரும். உங்க பழைய கோவம் எனக்குத் தெரியும், மெட்ராஸ் ஹைகோர்ட் சீஃப் ஜஸ்டிசா இருந்த தஹில்ரமணி மேடம் விஷயத்துல நான் எழுதுனதுக்கு இப்ப பழி தீக்குறீங்க.

சேலத்துக்காரன்:
நீங்களே இழுத்துட்டீங்க, அதனால சொல்றேன். 2019ல மெட்ராஸ் ஹைகோர்ட்ல இருந்து மேகாலயாவுக்கு மாத்துனாங்க, 75 சீட் இருக்கிற கோர்ட்ல இருந்து குட்டியூண்டு கோர்ட்டுக்கு, அவங்க ராஜினாமா பண்ணிட்டாங்க. அன்னைக்கு நீங்க "டிரான்ஸ்ஃபர் எல்லா உத்தியோகத்துலயும் சகஜம்"னு எழுதுனீங்க. சம்மதம் கேக்காம மாத்தறது சகஜம், வயசு வித்தியாசம் மட்டும் தூண்டிலா? எனக்கு ஸ்க்ரீன்ஷாட் இருக்கு.

கோர்ட்வாசல்:
ஸ்க்ரீன்ஷாட்ட போடுங்க, பயமா எனக்கு? டிரான்ஸ்ஃபர் அரசியலமைப்புல 222வது பிரிவுல இருக்கு. படிச்சிட்டு வாங்க.

சட்டக்கல்லூரிக்காரி:
62ம் அதே அரசியலமைப்புல 217ல இருக்கு சார், அப்ப அதையும் படிச்சிட்டு அமைதியா இருந்துடலாமே? உள்ள போறவங்க கதைய யாரும் பேசல. முன்சீப் பரீட்சை எழுத மூணு வருஷ ப்ராக்டிஸ் வேணும்னு 2025 மே மாசம் திரும்ப கொண்டு வந்துட்டாங்க. 2002ல எடுத்தத 23 வருஷம் கழிச்சு திணிக்கிறாங்க. எங்க அப்பா கட்டட வேலை பாக்குறவரு. அந்த மூணு வருஷம் எனக்கு சோறு யாரு போடுவா?

கோர்ட்வாசல்:
கோர்ட் படி ஏறாம நேரா நாற்காலில உக்காந்தா வாய்தாவுக்கும் ஸ்டேவுக்கும் வித்தியாசம் தெரியாது. அனுபவம் வேணும். இதுல என்ன தப்பு?

சட்டக்கல்லூரிக்காரி:
ஜூனியருக்கு சென்னை, மதுரை, கோவைல மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 கொடுக்கணும்னு 2024ல மெட்ராஸ் ஹைகோர்ட்டே சொல்லுச்சு. உங்க ஆபீஸ்ல எவ்வளவு சார்?

கோர்ட்வாசல்:
அது என் ஆபீஸ் விஷயம். த்ரெட் 62 பத்தினது.

முன்சீப்மகள்:
60 பத்தியும்தான். மறுபடியும் விட்டுட்டீங்க.

பென்ஷன்போராளி:
ஜூனியருக்கு ஐயாயிரம் கொடுக்கிற ஆளு ஜட்ஜுக்கு மூணு வருஷம் சேத்துக் கேக்குறாரு.

கோர்ட்வாசல்:
ஐயாயிரம்னு உங்ககிட்ட யாரு சொன்னா? பேரச் சொல்லுங்க. இல்லன்னா பதிவ எடுங்க. 62ல அனுப்பிட்டு மத்த ஹைகோர்ட்லயும் சுப்ரீம் கோர்ட்லயும் போயி வாதாடிக்கோன்னு 220வது பிரிவு சொல்லுது, அத பத்தி நாளைக்குத் தனியா எழுதுறேன். சேலத்துக்காரன் அங்க வரட்டும்.

சேலத்துக்காரன்:
வரேன். ஸ்க்ரீன்ஷாட்டோட வரேன்.