சோஷல் வேர்க்கர் வீட்டுக்கு வந்தபோது: இங்கிலாந்தில் எங்கட குடும்பங்களின் அனுபவங்கள்

முற்றத்துமல்லி:
நான் இருக்கும் இடத்துக் கவுன்சிலின் சிறுவர் சேவையை, இங்கிலாந்தில் பள்ளிக்கூடங்களையும் சிறுவர் சேவைகளையும் பரிசோதிக்கும் ஒப்ஸ்டெட் பரிசோதித்து 'போதாது' என்று தரமிட்டிருக்கிறது. நான்கு தரங்களில் அதுதான் கடைசி. இப்போது திருத்தத் திட்டம் எழுதுகிறார்கள், பெற்றோரின் அனுபவங்களையும் கேட்கிறார்கள். எங்கட ஆக்களின் குரலும் அதற்குள் போகவேண்டும். நீங்கள் எந்தக் கவுன்சிலின் கீழ் இருந்தாலும் எழுதுங்கள். கவுன்சில், பள்ளிக்கூடம், பிள்ளைகள் என்று எந்தப் பெயரும் வேண்டாம்.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் சோஷல் வேர்க்கர்கள் பெற்றோரைச் சந்திக்கும் கூட்டங்களில் நான் பல வருடமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். கண்ட வழக்குகளைப் பற்றி எழுதக்கூடாது. பொதுவாக ஒன்று சொல்லலாம். கதவைத் தட்டுகிறவர் எந்தச் சட்டப்பிரிவின் கீழ் வந்திருக்கிறார் என்பது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரிவதில்லை. 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தில் 17ஆம் பிரிவு உதவிக்கானது, பெற்றோரின் சம்மதத்தோடு நடப்பது. 47ஆம் பிரிவு விசாரணை. பிள்ளைக்குப் பாரதூரமான தீங்கு நடக்கிறது, அல்லது நடக்கக்கூடும் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் கவுன்சில் அதைக் கட்டாயம் செய்யவேண்டும். எங்கட வீடுகளில் இரண்டுமே 'பிள்ளையைத் தூக்கப்போகினம்' என்றுதான் காதில் விழுகிறது. பெற்றோர் சம்மதிக்காவிட்டால் பிள்ளையை எடுக்க நீதிமன்றக் கட்டளை வேண்டும். பொலிஸ் அவசரத்துக்கு எடுத்தாலும் 72 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி முதல் நாளே கையில் கொடுத்தால் பாதிப் பயம் போய்விடும்.

பனங்கூடல்:
அக்கா, நான் எழுதிறன். நானும் இவரும் ஷிஃப்ட் வேலை. விடியப்புறம் நான் கிளீனிங்குக்குப் போனா, இவர் பெற்றோல் ஸ்டேஷனில இருந்து வர ஒரு மணித்தியாலம் ஆகும். அந்த நேரம் மூத்தவள்தான் சின்னவனைப் பார்க்கிறவள். அவளுக்கு அப்ப பன்னிரண்டு வயசு. சின்னவன் இதைப் பள்ளிக்கூடத்தில சொல்ல, ரீச்சர் கவுன்சிலுக்கு அறிவிச்சிட்டா. அதைப் பிழையெண்டு நான் சொல்லமாட்டன், அவவின்ர கடமை அது.

ஆனா வந்த ரெண்டு பேரும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வந்தவை. 'உங்கட மகள் நல்லா இங்கிலிஷ் கதைக்கிறா தானே' எண்டு அவளையே பக்கத்தில இருத்திப்போட்டுக் கேட்டவை. அப்பா குடிக்கிறவரா, அம்மாவுக்கு அடிக்கிறவரா, இரவில சண்டை வாறதா. என்ர பிள்ளை ஒவ்வொரு கேள்வியையும் என்ர முகத்தைப் பார்த்துத் தமிழில கேட்டவள். எங்கட வீட்டில அப்பிடி ஒண்டும் இல்லை. ஆனா உண்மையிலேயே அடி விழுற வீடா இருந்திருந்தா, தகப்பனுக்கு முன்னால இருந்து அந்தப் பிள்ளை என்னத்தைச் சொல்லியிருக்கும்? இதை நினைச்சா இண்டைக்கும் எனக்கு ஆறேல்லை.

பிறகு ஆள் மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொருத்தருக்கும் முதலில இருந்து சொல்லவேணும். கடைசியா ஒரு ஜமேக்கன் அம்மா வந்தவ. ஃபைலை முழுக்க வாசிச்சிட்டு, மொழிபெயர்ப்பாளரையும் கூட்டிக்கொண்டு வந்தவ. 'அந்த ஒரு மணித்தியாலத்துக்கு என்ன செய்வம்?' எண்டுதான் முதல் கேள்வியே. நேரத்தை மாத்தித் தரச்சொல்லி என்ர மனேஜருக்குக் கடிதம் எழுதித் தந்தவ, மாத்தியும் தந்தினம். கேஸ் அதோட முடிஞ்சுது.

தாமிரபரணி:
எங்க கதை நேர்மாறு. நாங்க கூப்பிட்டும் யாரும் வரல. பொண்ணுக்கு ஆட்டிசம், பேச்சு இல்ல, ராத்திரி தூக்கமும் கிடையாது. மாற்றுத்திறனாளி குழந்தைன்னாலே 17ஆம் பிரிவுல உதவி தேவைப்படுற குழந்தைதான்னு சட்டமே சொல்லுது. மதிப்பீட்டை 45 வேலை நாளுக்குள்ள முடிக்கணும். எங்களுக்கு மாசக்கணக்கா இழுத்துச்சு. ஃபோன் பண்ணா 'லிஸ்ட்ல இருக்கீங்க'ன்னு ஒரே பதில்.

கடைசியில எழுத்துல புகார் கொடுத்தோம். முதல் கட்டப் புகாருக்கு 10 வேலை நாள்ல பதில் வரணும், சிக்கலா இருந்தா 20. அதுல திருப்தி இல்லன்னா தனி விசாரணை அதிகாரி, அதுக்கு மேல மறுஆய்வுக் குழு, அப்புறம் கவுன்சில் மேல வர்ற புகார்களை வெளியில இருந்து விசாரிக்கிற ஆம்பட்ஸ்மன். எங்களுக்கு முதல் கட்டத்துலயே நகர்ந்துடுச்சு. இப்ப டைரக்ட் பேமென்ட் வருது, அதாவது உதவிக்கு ஆள நாமளே ஏற்பாடு பண்ணிக்க கவுன்சில் தர்ற பணம், அதை வெச்சு வாரக்கடைசியில பொண்ணைப் பாத்துக்க பயிற்சி எடுத்த ஒருத்தங்க வர்றாங்க. அந்த ரெண்டு நாள் என் மனைவி தூங்கறாங்க. தயவுசெய்து எல்லாத்தையும் மெயில்ல கேளுங்க. புகார் குடுத்தா நம்ம மேல கோவப்படுவாங்களோன்னு தயங்கவே தயங்காதீங்க.

பொன்வண்டு:
நான் வட இங்கிலாந்தில் சிறுவர் சோஷல் வேர்க்கராக வேலை செய்கிறேன். பனங்கூடல் அக்கா எழுதியதை வாசிக்கக் கோபம் வந்தது. ஏனென்றால் இதற்கான பாடம் எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. ஐவரி கோஸ்டிலிருந்து வந்த எட்டு வயது விக்டோரியா கிளிம்பி 2000ஆம் ஆண்டில் லண்டனில் கொல்லப்பட்டாள். அவளைப் பொறுப்பெடுத்திருந்த பெரியபாட்டி முறையானவரும் அவருடைய துணைவருமே கொன்றவர்கள். கவுன்சில், ஆஸ்பத்திரி, பொலிஸ் என்று பல கைகளுக்குள் வந்த பிள்ளை அவள். 2003இல் லார்ட் லேமிங் தந்த விசாரணை அறிக்கையின் 108 பரிந்துரைகளில் ஒன்று இது: ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளையோடு பாதுகாப்புத் தொடர்பாகப் பேசும்போது மொழிபெயர்ப்பாளர் கட்டாயம்.

ஆட்கள் மாறுவது பற்றி. ஒருவர் கையில் அளவுக்கு மேல் கேஸ் ஏறினால் பிள்ளைகளோடு இருக்கும் நேரம் கணினிக்குப் போகிறது. களைத்தவர் விலகுகிறார், அந்த இடத்துக்கு ஏஜென்சி ஆள் வருகிறார், சில மாதத்தில் அவரும் போகிறார். 'போதாது' என்ற தரம் வந்ததும் இன்னும் பலர் ஓடுகிறார்கள். இந்தச் சுழலை உடைக்காமல் புதுப் படிவம் அச்சடிப்பதில் எனக்கு நம்பிக்கையே இல்லை.

உடைக்க முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. சண்டர்லாந்து 2015இலும் 2018இலும் 'போதாது' வாங்கி, 2021இல் 'மிகச்சிறப்பு' வாங்கியது. லீட்ஸ் ஒருகாலத்தில் அரசாங்கத்தின் திருத்த அறிவித்தலின் கீழ் இருந்தது. 2015இல் 'நன்று', 2018இல் 'மிகச்சிறப்பு'. லீட்ஸ் பெரிதாகக் கையில் எடுத்தது 'ஃபமிலி குரூப் கொன்ஃபரன்ஸ்' என்ற குடும்பக் கூட்டம். நியூசிலாந்தின் மாவோரி மக்களின் வழக்கத்திலிருந்து வந்து, 1989இல் அந்த நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்ற முறை அது. மாமா, சித்தி, அம்மம்மா, குடும்ப நண்பர் எல்லோரையும் கூப்பிடுவார்கள். அதிகாரிகள் நிலைமையைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேறுவார்கள். பிள்ளையை எப்படிக் காப்பது என்ற திட்டத்தைக் குடும்பமே இருந்து எழுதும். எங்கட சனத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் காணவில்லை. உங்கள் கவுன்சிலில் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வன்னிக்காடு:
நான் 15 வயசில தனிய வந்தனான். கவுன்சில்தான் வளர்ப்புக் குடும்பத்தில விட்டது. அவை வெள்ளைக்காரர். வளர்த்த அம்மா தானாத் தேடித் தமிழ்க் கடை ஒண்டைக் கண்டுபிடிச்சுப் புட்டுமா வாங்கி வந்தவ, வெள்ளிக்கிழமையில கோயிலுக்குக் கொண்டுபோய் விட்டவ. அவவை நான் மறக்கமாட்டன். ஆனா 18 ஆன உடன எல்லாம் முடிஞ்சுது எண்டுதான் நான் நினைச்சிருந்தன். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 25 வயசு வரைக்கும் தனி ஆலோசகரைக் கேட்கலாம். எனக்கு அதை ஒருத்தரும் சொல்லேல்லை, கூடப் படிச்ச ஒரு பெடியன் சொல்லித்தான் தெரியும். அக்கா, இதையும் அறிக்கையில போடுங்கோ.

கோடைமழை:
ஒரு சந்தேகம். ஜெர்மனியில இருக்கிற என்ர ஒன்றுவிட்ட அக்காவின்ர மகள், 14 வயசு, எங்களோட தங்கி ஒரு வருசம் படிக்க வாறாள். இதுக்கும் கவுன்சிலுக்கும் ஏதும் சம்பந்தம் இருக்கோ?

முற்றத்துமல்லி:
இருக்கு தங்கச்சி. பெற்றோரின் கூடப்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, கூடப்பிறந்த அண்ணன் அக்கா, மாற்றாந்தாய் தகப்பன் போன்றவர்களைத்தான் சட்டம் நெருங்கிய உறவு என்று எடுக்கும். நீங்கள் அதற்குள் வரமாட்டீர்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை 28 நாளோ அதற்கு மேலோ உங்களோடு இருக்கப்போகிறது என்றால் கவுன்சிலுக்கு முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். முதல் வருடம் குறைந்தது ஆறு கிழமைக்கு ஒருமுறை ஒருவர் வந்து பிள்ளையைப் பார்த்துக் கதைப்பார். பயப்பட ஒன்றுமில்லை. பொன்வண்டு எழுதிய விக்டோரியாவும் இப்படித்தான் உறவினர் ஒருவரோடு வந்த பிள்ளை, அதனால்தான் நான் இதில் கண்டிப்பாக இருக்கிறேன். கவுன்சிலின் சிறுவர் சேவை இலக்கத்துக்கு அடித்து, 'பிரைவேட் ஃபொஸ்டரிங் அறிவிக்கவேண்டும்' என்று சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அதையும் அப்போதே கேளுங்கள், கட்டணம் இல்லை.