புதுப்பிப்பு: எதிர்வீட்டுத் தாத்தா கிடைத்துவிட்டார்

செவ்வாய்க்கிழமை பதறிப்போய் எழுதியிருந்தேனே, சென்னை வேளச்சேரியில் எங்கள் எதிர்வீட்டுத் தரைத்தளத்தில் தனியாக இருக்கும் தாத்தா முந்தின நாளிலிருந்து போனை எடுக்கவில்லை, மிக்ஜாம் புயல் மழையால் தெருவில் இடுப்பளவு தண்ணீர், என்ன செய்வதென்று. ஆள் நலம்.

அதற்குப் பதிலில் நீங்கள் சொன்னபடியே பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரோடு கொடிக்கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாக்கடை மூடி திறந்திருக்கிறதா என்று ஒவ்வோர் அடிக்கும் கம்பால் குத்திப் பார்த்தபடி தெருவைக் கடந்தோம், நாற்பதடி தெருவுக்கு இருபது நிமிடம் ஆனது. கீழ் வீடு பூட்டியிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. மேலிருந்து "யாருப்பா அது?" என்று அவர் குரல்!

திங்கள் காலையே மாடிவீட்டு அக்கா கூட்டிப் போய்விட்டாராம். கரன்ட் இல்லாததால் போன் செத்திருக்கிறது, அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் ஓடாததால் தாத்தா தன் இன்சுலினை டப்பாவில் போட்டு, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்திருந்தார். 2015 வெள்ளத்தில் கற்றதாம். நாம்தான் மறந்துவிட்டோம்.

மிக்ஜாம் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையேறிவிட்டது, ஆனால் இங்கே கொட்டிய தண்ணீர் இன்னும் முழங்கால் அளவு நிற்கிறது, பள்ளிக்கரணை சதுப்பு நிலமே நிரம்பிக் கிடந்தால் எங்கே வடியும்?

அப்புறம், பவர் பேங்க் கொடுத்துவிட்டு வந்தேன். இனி காலையும் மாலையும் மொட்டைமாடியிலிருந்து துண்டை ஆட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். இன்று காலை ஆட்டினார், சிவப்புத் துண்டு.