மைஃபேர் கிளாசிக்: கார்டில் இருப்பு அதிகம், சர்வரில் குறைவு. என்ன காரணம்?

டிப்போ_ஐடி:
பஸ் பாஸ் கார்டு, மைஃபேர் கிளாசிக் 1கே (மெஷினில் காட்டினாலே படிக்கும் சிப் கார்டு). 5-வது செக்டரில் (கார்டு நினைவகத்தின் ஒரு பகுதி) இருப்பு, ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும் பரிவர்த்தனை எண், 8 பைட் மேக் (தரவைத் திருத்தினால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்புக் குறியீடு). செக்டரைத் திறக்கும் கீ, யுஐடி-யை (கார்டின் தனி எண்) வைத்துக் கார்டுக்குக் கார்டு வேறு. சில கார்டுகளில் சர்வர் 40 ரூபாய் என்கிறது, கார்டு 500 காட்டுகிறது. மேக் சரியாகவே இருக்கு. மெஷின் கோளாறா, திருட்டா?

செக்டர்15:
பரிவர்த்தனை எண்ணைப் பாருங்க. சர்வரைவிட கார்டில் கூடுதல்னா ஏதோ மெஷின் இன்னும் டேட்டா ஏத்தலை, அவ்வளவுதான். ஒன்று மட்டும் குறைவுன்னா எழுதி முடிக்கறதுக்குள்ள பயணி கார்டை எடுத்திருப்பார். நிறைய குறைஞ்சிருந்தா பழைய டம்ப்பை, அதாவது முன்னாடி எடுத்து வச்ச கார்டு நகலை, திருப்பி எழுதியிருக்காங்க.

டிப்போ_ஐடி:
17 குறைவு. அப்போ மேக் எப்படி பாஸ் ஆகுது? கீயை மாத்தினா நிக்குமா?

செக்டர்15:
ரீசார்ஜ் அன்னைக்கு 500-க்கு நீங்க போட்ட அதே மேக்தான் திரும்ப வருது. தொகையைத் திருத்தினா மேக் பிடிக்கும். பழசைத் திருப்பி வச்சா பிடிக்காது.

கீ மாத்தறது வீண் வேலை. இந்தக் கார்டோட குறியாக்க முறையான கிரிப்டோ-1-ல கீ வெறும் 48 பிட். 2008-லயே நெதர்லாந்தில் ராட்பௌட் பல்கலைக்கழகத்தார் உடைச்சுட்டாங்க. கட்டுரையைத் தடுக்க, இந்தச் சிப்பைத் தயாரிக்கிற என்எக்ஸ்பி கோர்ட்டுக்குப் போயும் தடை கிடைக்கலை. காலி செக்டர்ல ஃபேக்டரி கீ (பன்னிரண்டு எஃப்) இருந்தா இன்னும் சுலபம், அந்த ஒண்ணை வச்சே மத்த செக்டர் கீ எல்லாம் எடுத்துடலாம். கார்டுக்குத் தனிக் கீ போட்டதுல ஒரே லாபம், ஒரு கார்டு போனா அடுத்தது போகாது.

வேலிடேட்டர்:
உடனடிக்கு: யுஐடி வாரியா கடைசிப் பரிவர்த்தனை எண்ணை சர்வர்ல வைங்க. அதுக்குக் கீழே வந்த கார்டைத் தடைப்பட்டியல்ல சேர்த்து, ராத்திரி டிப்போவில் எல்லா மெஷினுக்கும் ஏத்துங்க. ஒன்று குறைஞ்சதை விட்டுடுங்க, இல்லேன்னா நல்ல பயணிதான் மாட்டுவார். மேக் கணக்கில் யுஐடி-யும் சேரணும், அப்போ வேற யுஐடி உள்ள கார்டுக்கு நகல் எடுத்தா பிடிபடும். ஆனா யுஐடி மாத்தற சீனக் கார்டும் கிடைக்குது, அதை இது தடுக்காது. அதிகபட்ச இருப்பை 200-ஆகக் குறைச்சா நஷ்டமும் குறையும்.

நிரந்தரத்துக்கு என்எக்ஸ்பியோட இன்னொரு வகைக் கார்டான டெஸ்ஃபயர் இவி3, ஏஇஎஸ்-128 குறியாக்கத்தோட. லண்டனோட ஆய்ஸ்டர் பயணக் கார்டும் டெஸ்ஃபயருக்குத்தான் போச்சு. இருப்பை வேல்யூ ஃபைலா (தொகையைக் கூட்ட, கழிக்கன்னே உள்ள கோப்பு) வச்சு, கழிக்கிற கீயை மட்டும் பஸ் மெஷினோட சாம் சிப்ல (கீயை வெளியே விடாம பாதுகாக்கற சிப்) வைங்க. ஏத்தற கீ ரீசார்ஜ் கவுண்டரைத் தாண்டக் கூடாது. கமிட் (மாற்றத்தை உறுதி செய்யற கட்டளை) வரலைன்னா பழைய இருப்பே நிக்கும், பாதியில் கார்டை எடுத்தாலும் குழப்பமில்லை.

டிப்போ_ஐடி:
ரெண்டு கார்டும் கொஞ்ச நாள் ஓடட்டுமா?

வேலிடேட்டர்:
ஓடலாம். ஆனா பழைய கார்டுக்கு ரீசார்ஜை இன்னைக்கே நிறுத்துங்க. மிச்ச இருப்பைப் புதுசுக்கு மாத்தும்போது கார்டு காட்டறதை நம்பாம, மெஷின் டேட்டா எல்லாம் ஏறின பிறகு சர்வர் கணக்கை எடுங்க.